ஹேண்டில் உதறுகிறதா? கோன்செட்டை மாற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

"கோன்செட் போயிருக்கும்ணா, மாத்திடலாம்." தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் எந்தப் பட்டறையில் போய் பைக் ஹேண்டில் உதறுகிறது என்று சொன்னாலும், வண்டியை ஸ்டாண்டு போடுவதற்கு முன்னாலேயே இந்தப் பதில் வந்துவிடும். பல நேரம் அது சரியாகவே இருந்துவிடுவதால் யாரும் அதற்கு மேல் யோசிப்பதும் இல்லை. கோன்செட் என்பது ஹேண்டில் திரும்புவதற்காக அதன் கழுத்துக்குள் இருக்கிற, பால்ஸும் கப்பும் சேர்ந்த பேரிங் செட். அதை நான் ஒரே வருடத்தில் இரண்டு தடவை மாற்றினேன். உதறல் அப்படியே இருந்தது. மூன்றாவது தடவைக்குக் காசில்லாமல்தான் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன், கடைசியில் கோளாறு இருந்தது பின் சக்கரத்தில். உதறல் தெரிவது என்னவோ ஹேண்டிலில்தான், ஆனால் அது எங்கிருந்து கிளம்புகிறது என்பது வேறு விஷயம். அதைக் கண்டுபிடிக்கிற வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன், காசு செலவில்லாததில் ஆரம்பித்து.

இது ஆர்15, ஆர்சி 390, அப்பாச்சி ஆர்ஆர் 310 மாதிரி 17 இன்ச் சக்கரம் போட்ட ஸ்போர்ட் பைக்குகளுக்கு. இந்த வண்டிகளில் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரட்டைக் குழாய், கொஞ்சம் செங்குத்தாக நிற்கும். ஹேண்டில் திரும்புகிற அச்சை ஒரு கோடு மாதிரி தரை வரை நீட்டிப் பார்த்தால், டயர் தரையைத் தொடுகிற இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அந்த இடைவெளியின் பெயர் டிரெயில், சக்கரம் தானாக நேராக வந்து நிற்பதற்கு அதுதான் பெரிய காரணம். டிரெயில் குறைவாக இருந்தால் வண்டி சட்டென்று வளையும், ஆனால் தன்னைத்தானே நேராக்கிக்கொள்கிற பலம் குறையும். அதனால் சாதாரண கம்யூட்டரில் தெரியாமலே போகிற சின்னக் கோளாறுகூட இதில் உள்ளங்கை வரைக்கும் வந்துவிடும்.

நம்ம வடசென்னைப் பக்கத்து ரோடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை, மணலி பக்கம் எல்லாம் கன்டெய்னர் லாரி ஏறி ஏறித் தார் அமுங்கி, வாய்க்கால் மாதிரி தடம் விழுந்திருக்கும். அந்தத் தடத்துக்குள் டயர் இறங்கினால் ஹேண்டில் தானாக இழுக்கும், அது வண்டியின் குற்றமில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஓரமாகப் போகும்போது கடல் காற்று பக்கவாட்டில் அடிப்பதும், டிரெய்லரைத் தாண்டும்போது காற்று ஒரு தள்ளு தள்ளுவதும் அப்படித்தான். ரோடு மாறினால் உதறலும் மாறுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல தார் ரோட்டிலும் அதே வேகத்தில் அதே மாதிரி வந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

எப்போது உதறுகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள், பட்டறைக்கும் போகாதீர்கள். ஒரு பேப்பரில் எழுதிவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது: எந்த வேகம், ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதா விடும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, தனியாகவா ஆள் ஏற்றியா.

முதலில் இன்ஜின் அதிர்வைக் கழித்துவிடுங்கள். உதறுகிற வேகத்தில் கிளட்சைப் பிடித்து இன்ஜினை ஐடிலுக்கு விட்டு உருளவிட்டுப் பாருங்கள். உதறல் நின்றுவிட்டால் அது சக்கர விவகாரமே இல்லை, இன்ஜின் மவுண்டிங் போல்ட் பக்கம் போய்ப் பாருங்கள். நிற்காவிட்டால்தான் நம்ம சங்கதி.

80-லிருந்து ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைந்து வரும்போது, 60-க்கும் 40-க்கும் நடுவில் ஹேண்டில் சின்னச் சின்னதாக வேகமாக ஆடி, அப்புறம் தானாக அடங்கிவிடுகிறதா? இதுதான் நிறைய பேர் சொல்கிற உதறல். ஏன் அந்த வேகத்தில் மட்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 110/70-17 டயரின் சுற்றளவு சுமார் 1.85 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. என்றால் நொடிக்கு 16.7 மீட்டர், அதாவது சக்கரம் நொடிக்கு 9 சுற்று. 40-இல் 6 சுற்று, 80-இல் 12. ஃபோர்க்கும் சக்கரமும் சேர்ந்த முன் பக்கம் ஆட ஆரம்பித்தால் அது இயல்பாக ஆடுகிற வேகமும் ஏறக்குறைய நொடிக்கு 6-லிருந்து 9 தடவைதான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் எப்படி ஏறிக்கொண்டே போகுமோ அப்படி, டயரில் ஒரு பக்கம் கனமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளு விழுந்து இந்த வேகத்தில் மட்டும் பெரிதாகிவிடுகிறது. 80-இல் தாளம் பொருந்தாது, அடங்கிவிடும். ஆக இந்த வகை உதறலுக்கு முதல் சந்தேகம் டயர், வீல் பேலன்ஸ், ரிம். கோன்செட் தளர்ந்திருந்தால் அதே உதறலை அது பெரிதாக்கிக் காட்டும், ஆரம்பித்துவைப்பது பெரும்பாலும் டயர்தான்.

இன்னொரு வகை, வேகம் ஏற ஏற வருவது. ஹேண்டில் படபடக்காது, மொத்த வண்டியும் இடுப்பை ஆட்டுகிற மாதிரி மெதுவாக நெளியும், நொடிக்கு மூன்று தடவை அளவுக்கு. ஆள் ஏற்றினால், பின்னால் பெட்டி மாட்டினால் அதிகமாகும். இதற்கு முன் பக்கத்தைப் பிரிப்பது வீண் வேலை. பின் டயர், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கை), பின் ஷாக், சக்கரங்கள் ஒரே நேரில் நிற்பது, இவைதான் பார்க்க வேண்டிய இடம்.

பிரேக் பிடித்தால் மட்டும் உதறி, லீவரிலும் துடிப்பு தெரிந்தால் டிஸ்க் கோணலாகியிருக்கும் அல்லது தேய்மானம் ஒரே சீராக இல்லாமல் இருக்கும். துடிப்பு இல்லாமல் 'டொக்' என்று ஒரு அடி மட்டும் விழுந்தால் கோன்செட் தளர்வு. மெதுவாகப் போகும்போது, டிராஃபிக்கில் 15, 20-இல், வண்டி நேராகவே போக மாட்டேன் என்று அங்கும் இங்கும் அலைந்தால் கோன்செட் அளவுக்கு மேல் டைட்டாக இருக்கிறது என்று அர்த்தம். இதைப் பலர் தளர்வு என்று நினைத்து இன்னும் டைட் பண்ணச் சொல்லிக் கெடுத்துக்கொள்வார்கள்.

காற்றும் டயரும்

காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடேறாதபோது காற்று பாருங்கள். ஸ்விங் ஆர்மிலோ செயின் கவர் பக்கத்திலோ ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அளவு, பஞ்சர் கடைக்காரர் வழக்கமாக அடித்துவிடுகிற 'முப்பது, முப்பத்தஞ்சு' இல்லை. பங்க் மீட்டரையும் நம்பாதீர்கள், சொந்தமாக ஒரு சின்ன மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன் டயரில் ஐந்தாறு பிஎஸ்ஐ குறைந்தாலே இந்த வண்டிகளில் ஹேண்டில் கனத்து, வளைவில் இழுத்து, ஆக்சிலேட்டரை விட்டால் உதறும்.

அப்புறம் கையால் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை டயர் மேல் வைத்து முன்னோக்கி ஒரு தடவை, பின்னோக்கி ஒரு தடவை. ஒரு திசையில் வழவழவென்றும் எதிர்த் திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால் டயர் கட்டை கட்டையாகத் தேய்ந்திருக்கிறது. காற்றுக் குறைவாக ஓட்டினாலும் ஃபோர்க் ஆயில் செத்துப்போயிருந்தாலும் இப்படித் தேயும். பட்டன் (டயரின் வெட்டு) ஆழம் நிறைய இருக்கிறதே என்று மாற்ற மனசு வராது, ஆனால் அந்த டயரைப் பேலன்ஸ் செய்து சரியாக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள், பட்டன் புதுசாக இருந்து ரப்பர் கருங்கல்லாக இறுகிப்போன டயர்கள் நிறையச் சுற்றுகின்றன.

டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை. ரிம்முக்கு ஒட்டினாற்போல் டயரில் மெல்லிய வளையக் கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு இடத்தில் உள்வாங்கியிருந்தால் டயர் முழுசாக ஏறவில்லை. அம்புக்குறி திசையும் பாருங்கள். இதோடு, அழகுக்காக ஒரு சைஸ் பெரிய டயர் போட்டிருந்தால் அதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். ஒல்லியான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அது பிதுங்கி, நடுவில் கூம்பு மாதிரி ஆகி, வண்டி உயரமும் மாறிவிடும். பின் டயர் பார்க்க கும்மென்று இருக்கிறது என்பதற்காக கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு வைத்ததை மாற்றுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ரிம் பெண்டு பார்க்க முன் சக்கரத்தைத் தூக்க வேண்டும். நம்ம வண்டிகளுக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது, பின்னால் பேடாக் ஸ்டாண்டு (பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற தனி ஸ்டாண்டு) போட்டுவிட்டு, முன்னால் இன்ஜின் அடியில் கட்டை வைத்து ஜாக்கி கொடுங்கள். சைலன்சர் பைப்பிலோ ஆயில் ஃபில்டரிலோ ஜாக்கி படக் கூடாது, இரண்டாவது ஆள் ஒருவர் வண்டியைப் பிடித்தே ஆக வேண்டும். ஃபோர்க்கில் ஒரு பென்சிலை டேப் போட்டு ஒட்டி, முனை ரிம்மைத் தொடுகிற மாதிரி வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைவது 2 மி.மீ.க்கு மேல் போனால் ரிம் தேறாது, சில வண்டிகளின் மேனுவல் அதைவிடக் குறைவாகத்தான் விடும். தூக்கிவைத்த கையோடு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், 'டிக் டிக்' என்றால் வீல் பேரிங். சுற்றும்போது மணல் அரைக்கிற மாதிரி கையில் தெரிந்தாலும் அதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் வண்டி முங்கி, பேரிங்கைப் பார்க்காமலே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, கோன்செட்

சக்கரம் தூக்கியபடியே இருக்கட்டும். ஃபோர்க்கின் அடிப்பகுதி இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். கூட இருப்பவர், ஃபோர்க்கைக் கவ்வியிருக்கிற கீழ் கிளாம்புக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் விரலை வைத்துக்கொள்ளட்டும். அசைவு விரலில் தெரிந்தால் கோன்செட் தளர்வு. விரலில் ஒன்றும் தெரியாமல் கீழே மட்டும் ஆடினால் அது ஃபோர்க் புஷ், அதாவது குழாய்க்குள் இருக்கிற வளையத்தின் தேய்மானம். இரண்டும் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும், அந்த விரல் இல்லாமல் பிரித்துச் சொல்வது கஷ்டம். பட்டறையில் முன் பிரேக்கைப் பிடித்து வண்டியைக் குலுக்கி 'பாத்தீங்களா' என்பார்களே, அதில் டிஸ்க் பேட் ஆட்டமும் சேர்ந்துவிடும். அதை மட்டும் நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். சரியாக நடுவில் வரும்போது பள்ளத்தில் விழுந்த மாதிரி ஒரு பிடிப்பு தெரிந்தால், பால்ஸ் உட்கார்ந்து உட்கார்ந்து கப்பில் குழி விழுந்துவிட்டது. இதை டைட் பண்ணிச் சரிசெய்ய முடியாது, செட்டாக மாற்ற வேண்டும். பள்ளத்தில் 'தொம்'மென்று விழுந்து எழுந்தே பழகின வண்டிகளில் சீக்கிரம் வரும். கடலோரம் நிற்கிற வண்டிகளுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும், அதைவிட மோசம் வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை ஹேண்டில் கழுத்துக்கே பிடித்து அடிப்பது. கிரீஸ் கழுவிப்போய்த் தண்ணீர் உள்ளே நின்றால் புதுக் கோன்செட்டும் துருப்பிடிக்கும். அந்த இடத்தில் கன்னைக் காட்டாதே என்று நின்று சொல்லி வாங்குங்கள்.

டைட் எவ்வளவு என்பதுதான் இதில் கலை. ஸ்பிரிங் தராசை ஃபோர்க்கில் மாட்டி இழுத்து, ஹேண்டில் அசைய ஆரம்பிக்கிற எடையை அளக்கச் சொல்லிச் சில கம்பெனி மேனுவல்களில் போட்டிருக்கும். இதைச் செய்கிற மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை, கொக்கி போட்ட தராசு காசிமேட்டில் கிடைக்காத பொருளும் இல்லை. அது முடியாவிட்டால், தூக்கிய நிலையில் ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் தன் எடையிலேயே சீராகக் கோடிக்குப் போக வேண்டும், அதே சமயம் முன்பின் ஆட்டம் துளிகூட இருக்கக் கூடாது. கேபிளும் ஒயரும் இழுத்துப் பிடிக்கின்றனவா என்பதையும் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

பின் சக்கரம், என் காசு போன இடம்

பஞ்சர் போட்டார்கள், சக்கரத்தை மாட்டினார்கள், செயினை இழுத்து ஆக்சில் நட்டை முறுக்கினார்கள். ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடு சமமாகத்தான் இருந்தது, நானும் பார்த்தேன். ஆனால் அந்தக் கோடுகளே பல வண்டிகளில் துல்லியமாக இருப்பதில்லை. சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றால், வண்டி நேராகப் போக நாமே ஹேண்டிலை ஒரு துளி திருப்பியபடி ஓட்டுகிறோம், முன் டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறது, அந்தத் தேய்மானம் உதறலாக வருகிறது. எனக்கு நடந்தது இதுதான். அதற்குத்தான் இரண்டு கோன்செட்.

பார்க்கிற முறை சுலபம். காசிமேட்டில் தூண்டில் நரம்பு ஒரு சுருள் வாங்குங்கள், நைலான் என்பதால் தொய்யாமல் நேராக நிற்கும். பின் டயரின் பின்னால் சுற்றி, தரையிலிருந்து ஓரளவு உயரத்தில், இரண்டு பக்கமும் முன் டயரைத் தாண்டி இழுத்து இரண்டு செங்கல்லில் கட்டுங்கள். ஹேண்டில் நேராக இருக்கட்டும். நரம்பு பின் டயரின் பின் ஓரத்தையும் முன் ஓரத்தையும் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி செங்கல்லை நகர்த்துங்கள். முன் டயர் ஒல்லி என்பதால் அங்கே இரண்டு பக்கமும் இடைவெளி வரும், அது இரண்டும் சமமாக இருந்தால் நேர். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரவில்லை. செயின் அட்ஜஸ்டரைக் கால் சுற்று, அரை சுற்று என்று திருப்பிச் சரிசெய்து, நட்டை முறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும், முறுக்கும்போதே நகர்ந்துவிடும். ஸ்பேசர் இடம் மாறிப் போட்டிருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். கையோடு பின் சக்கரத்தை இட வலமாக ஆட்டி ஸ்விங் ஆர்மில் ஆட்டம் இருக்கிறதா என்றும்.

எவ்வளவு திருப்பினாலும் இடைவெளி சமமாகாவிட்டால், அல்லது பின் சக்கரம் நேராக இருந்தும் ஹேண்டில் கோணலாக நின்றால், ஃபோர்க் முறுக்கிக்கொண்டிருக்கிறது. லேசான விழுதலில் கிளாம்புக்குள் குழாய் திரும்பிக்கொள்வதுண்டு, கிளாம்பு போல்ட்டும் ஆக்சிலும் தளர்த்தி நேராக்கி இறுக்கினால் போதும். குழாயே வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்துப் பெண்டு எடுக்கலாம் என்பார்கள். எடுக்கலாம்தான், நான் எடுக்க மாட்டேன். நிமிர்த்தின குழாய் பலவீனமாகிவிடும் என்று மேனுவல்களிலேயே எச்சரிக்கை இருக்கிறது. முன் சக்கரம் கழற்றி மாட்டும்போது ஆக்சிலை முறுக்கிவிட்டு, பிரேக் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கி விட்டு, அதற்கு அப்புறம்தான் கீழே ஆக்சிலைக் கவ்வுகிற பிஞ்ச் போல்ட்டை இறுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஷாக் இறங்காது. ஆயில் சீல் ஒழுகுவதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள், ஒழுகுகிற ஆயில் அப்படியே டிஸ்க்குக்குப் போகும்.

இதையெல்லாம் தாண்டினபின் ஓட்டுகிற ஆளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. முழங்கை விறைத்து ஹேண்டிலில் தொங்கிக்கொண்டு ஓட்டினால் உடம்பின் ஆட்டமெல்லாம் ஃபோர்க்குக்குப் போகும். முழங்காலால் டேங்கைப் பிடித்துக் கையைத் தளர்த்தி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பின்னால் கனம் ஏற ஏற வண்டி பின்பக்கம் அமுங்கி முன் சக்கரம் லேசாகும், பின் ஷாக் பிரீலோடை (ஸ்பிரிங் இறுக்கத்தை) ஆளுக்கேற்ப ஏற்றுவதே பலருக்கு மருந்து.

ஸ்டியரிங் டேம்பர், அதாவது ஹேண்டில் ஆட்டத்தை அமுக்குகிற சின்ன ஷாக், அதைப் பற்றிக் கேட்பீர்கள். ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டு பைக் சாமான் கடைகளில் பளபளவென்று தொங்கும். காரணம் தெரியாத உதறலுக்கு அதை மாட்டாதீர்கள், படபடப்பை அமுக்கி மறைக்கும், உள்ளே பேரிங் தேய்வது தேய்ந்துகொண்டே இருக்கும். மெதுவாக நெளிகிற வகைக்கு அது உதவாது, சில சமயம் அதிகமாக்கிவிடும்.

ஓடும்போது பெரிதாக உதறினால் பிரேக்கைத் தொடாதீர்கள். ஹேண்டிலை விடாமல் பிடியுங்கள், ஆனால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள், உடம்பை முன்னால் சாய்த்து டேங்கை இறுக்கி, ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மெக்கானிக்குகள் சிலர் இரண்டு கையையும் விட்டு ஓட்டிக் காட்டுவார்கள், நீங்கள் அதைச் செய்ய வேண்டாம், விரல்களைத் தளர்த்தினாலே தெரிய வேண்டியது தெரியும்.

ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்றுங்கள். மாற்றிவிட்டு ஞாயிறு விடியற்காலையில் லாரி குறைவான நேரத்தில், அதே ரோடு, அதே வேகம், அதே காற்றழுத்தம். எனக்கு மாதவரம் பக்கம் உள்வட்டச் சாலை தோதாக இருக்கிறது. 100-க்கு மேல்தான் நெளிகிறது என்றால் அதைச் சோதிக்க ரோடு இடமில்லை. சோழவரம் ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலம் போய்விட்டது, டிராக் என்றால் இப்போது இருங்காட்டுக்கோட்டைதான். கோன்செட் உண்மையிலேயே புதுசு போட்டிருந்தால் 500 கி.மீ. ஓடினபின் மறுபடி தூக்கி, அந்த விரல் சோதனையைச் செய்யுங்கள். புதுக் கப்பு உட்கார்ந்ததும் கொஞ்சம் தளரும், அப்போது ஒரு சின்ன டைட் வைத்தால் போதும், அந்தச் சின்னத் தளர்வைத்தான் அடுத்த பட்டறையில் 'திரும்பவும் போயிடுச்சுண்ணா' என்பார்கள்.